சித்தப்பாவின் கணினி

"இதிலேதான் அவர் சேர்த்த சொல்லெல்லாம் இருக்கு. ஒருதரம் திறந்து பாரேன்" என்று சொல்லி, சித்தி ஒரு குறுந்தகட்டை என் கையில் கொடுத்தார். சித்தப்பா மறைந்து நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. தகட்டின் மேல் 'சொற்கள் – 2004 வரை' என்று நீல மையில் அவருடைய சாய்ந்த கையெழுத்து. கூடவே, தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றின் நிறுவல் தகடும், அதை வாங்கிய ரசீதும் அதே உறைக்குள் இருந்தன. ரசீதைப் பத்திரப்படுத்துவதில் சித்தப்பாவை மிஞ்ச ஆளில்லை.

சித்தப்பா மன்னார்குடிப் பக்கத்துக்காரர். மத்திய அரசு அலுவலகமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்று, நங்கநல்லூரில் குடியிருந்தவர். கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களுக்கு அகராதி தொகுத்ததைப் படித்த நாளிலிருந்து, தஞ்சை வயற்காட்டுச் சொற்களைத் தாம் தொகுக்க வேண்டும் என்னும் ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் முதியவர்களிடம் உட்கார்ந்து பேசிக் குறித்துக்கொண்டு வருவார். சேடை, அண்டை வெட்டுதல், சாவி, கண்டுமுதல். நாங்கள் சிரிப்போம். 1999இல் ஒரு கணினி வாங்கி, அந்தக் குறிப்புகளை ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி ஏற்றினார்.

கையெழுத்துக் குறிப்பேடுகள் இப்போது இல்லை. 2015 டிசம்பர் மழையில், விமான நிலையத்தையே சில நாட்கள் மூடி வைத்த அந்த மழையில், கீழ்த்தட்டில் இருந்த ஏடுகள் அனைத்தும் ஊறிக் கூழாயின. சித்தப்பா அப்போது பெரிதாக வருந்தவில்லை. "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்றார்.

தகட்டை என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு கோப்புகள். அவற்றில் ஒன்றைக்கூட இன்றைய எந்த மென்பொருளும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நோட்பேடில் வலிந்து திறந்தால், தலையில் கொம்பு முளைத்த உரோமன் எழுத்துகளும் பவுண்டுக் குறிகளும் யென் குறிகளும் கட்டம் கட்டமான வெற்றிடங்களும் கலந்து நின்றன. அவற்றுக்குள் எங்கேயோதான் சேடையும் சாவியும் இருந்தாக வேண்டும்.

ஒருங்குறிக்குப் பிறகு கணினிக்கு வந்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டது என்றாலும், வீட்டுக் கணினியில் அது புழங்க விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவை வர வேண்டியிருந்தது. அதுவரை நமக்குக் கிடைத்தவை 256 இருக்கைகள் கொண்ட எழுத்துருக்கள்தாம். அதில் முதற்பாதி ஆங்கிலத்துக்கு. எஞ்சிய இருக்கைகளில் நம் 247 எழுத்துகளைக் கொம்பு, துணைக்கால், விசிறி என்று பிரித்து உட்கார வைக்க வேண்டும். யார் எங்கே உட்காருவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. இணையத்தில் எழுதியவர்கள் டிஸ்கி என்னும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் இரண்டை ஏற்றது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறி வந்து சேர்ந்தது. சித்தப்பா வாங்கிய மென்பொருளைச் செய்தவர்கள் இவற்றில் எதையும் பின்பற்றவில்லை. எப்போதோ கடையைக் கட்டிவிட்டும் போய்விட்டார்கள்.

பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளை நம் நண்பர்கள் பலர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் முயன்றேன். இந்த எழுத்துருவுக்கான அட்டவணை எவரிடமும் இல்லை. அட்டவணை இருந்திருந்தாலும் பயனில்லை; மென்பொருள் உரையைத் தனக்கே உரிய முறையில் பொட்டலம் கட்டி வைத்திருந்தது. அவிழ்க்கத் தெரிந்தது அதற்கு மட்டுந்தான்.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். வைத்தால் ஓலை கிழியும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை காட்ட மாட்டார்கள். படிப்பவர்தாம் புள்ளியைத் தம் அறிவால் இட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே சுவடியைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, சுவடி படிக்கத் தெரிந்த ஒருவரும் தலைமுறைதோறும் வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தார் பழைய நூல்களை நுண்படச் சுருளில் எடுத்து வைத்தார்கள் என்றால், அந்தச் சுருளைப் படிக்க ஒரு விளக்கும் ஒரு வில்லையும் போதும். இடையில் வந்த ஒரு பதினைந்து இருபது ஆண்டுத் தமிழ், கணினியில் தட்டப்பட்ட முதல் தமிழ், மறுபடியும் சுவடியின் நிலைக்குப் போய்விட்டது. அதைப் படிக்கத் தெரிந்த ஆள், மனிதர் அல்லர். 1999ஆம் ஆண்டுக் கணினி.

நிறுவல் தகட்டை இன்றைய விண்டோஸில் இயக்கிப் பார்த்தேன். மறுத்துவிட்டது. மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும் அதை நிறுவித் தரும் நிரல் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அந்த வகையை இயக்காது. சித்தப்பாவின் பழைய பெட்டியோ, மின்சாரம் கொடுத்தால் விசிறி மட்டும் சுற்றியது. வன்தட்டு செத்திருந்தது. ஆகவே 1999ஆம் ஆண்டுக் கணினி ஒன்றை நான் உண்டாக்க வேண்டும். மெய்நிகர் கணினி என்னும் துறைக்குள் நான் நுழைந்த கதை இதுதான்.

நங்கநல்லூர்க்காரர்களுக்கு ஹைப்பர்வைசரை விளக்குவது எளிது. ஒரு மனையில் ஒரு வீடு. அதில் நான்கு போர்ஷன். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி வாசல், தனிச் சமையலறை, தனிக் குழாய். உள்ளே இருப்பவர் தமக்கென்று ஒரு வீடு இருப்பதாகவே வாழலாம். ஆனால் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, மின் இணைப்பு ஒன்று. யாருக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதை மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் முடிவு செய்வார். அந்த வீட்டுக்காரர்தாம் ஹைப்பர்வைசர். போர்ஷன்கள்தாம் மெய்நிகர் கணினிகள். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே பெரிய கணினிகளில் இந்தக் குடித்தனத்தை நடத்தினார்கள். சாதாரண மேசைக் கணினிக்கு 1999இல் விஎம்வேர் கொண்டுவந்தது. 2003இல் ஜென் வந்தது; 2007இல் கேவிஎம் லினக்ஸின் கருவிலேயே சேர்ந்தது.

ரிச்சி தெருவில், ஏதோ அலுவலகம் கழித்துக் கட்டிய கணினி ஒன்றை 16 ஜிபி நினைவகத்தோடு வாங்கினேன். அதில் பிராக்ஸ்மாக்ஸ் நிறுவினேன். வியன்னாவிலிருந்து வருவது, டெபியன் லினக்ஸின் மேல் கேவிஎம்மை வைத்துக் கட்டியது, இலவசம். திரையும் விசைப்பலகையும் அதற்குத் தேவையில்லை. அலமாரியின் மேல் உட்கார்ந்து ஓடும். உலாவியின் வழியாகப் பேசினால் போதும்.

இனி, படிமம். நம் வட்டத்தில் படிமம் என்றால் பிரமிள் நினைவுக்கு வருவார். இங்கே பொருள் வேறு. ஒரு குறுந்தகட்டின் முதல் பிட்டிலிருந்து கடைசிப் பிட்டு வரை அப்படியே நகலெடுத்து ஒற்றைக் கோப்பாக வைத்தால் அது அந்தத் தகட்டின் படிமம். குறுந்தகட்டுக்கு 1988இல் வகுத்த தரத்தின் எண்ணான ஐ.எஸ்.ஓ. 9660 என்பதிலிருந்து அதற்கு ஐ.எஸ்.ஓ. கோப்பு என்று பெயர் வந்தது. மெய்நிகர் கணினிக்கு உண்மையான தகடு தேவையில்லை. இந்தப் படிமத்தைக் காட்டி, 'இதோ தகடு' என்றால் நம்பிவிடும். சித்தப்பாவின் தகடுகளை இருமுறை படித்து இரண்டு படிமங்கள் எடுத்து, இரண்டுக்கும் எஸ்எச்ஏ 256 கணக்கிட்டு ஒப்புநோக்கினேன். அறுபத்து நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருந்தால் பாடபேதம் இல்லை என்று பொருள். பொருந்தின. தகடு பூஞ்சை பிடிக்கும் முன்பே பிடித்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி.

விண்டோஸ் 98 நிறுவுவது எளிதாக இருக்கவில்லை. தாராளமாக 2 ஜிபி நினைவகம் கொடுத்தேன், தாங்காமல் விழுந்தது. 512 எம்பிக்கு மேல் போனாலே அதற்குத் தலைசுற்றும் என்று பிறகு தெரிந்தது. 256 கொடுத்தேன். பாதி நிறுவலில் நின்றது. இன்றைய செயலிகளின் வேகமும் நினைவகக் கணக்கை அவை கையாளும் முறையும் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. கடைசியில் வன்பொருளின் நேரடி உதவியை நிறுத்திவிட்டு, பழைய பென்டியம் செயலியை முழுக்க மென்பொருளாலேயே நடிக்கச் செய்தேன். வேகம் படுத்துவிட்டது, சித்தப்பாவின் பெட்டியைப் போலவே நத்தையாக ஊர்ந்தது. ஆனால் விழவில்லை. ஒவ்வொரு படிக்கும் முன்பு அந்தக் கணத்தின் நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். தவறினால் அந்தக் கணத்துக்கே திரும்பலாம். நான் ஏழு முறை திரும்பினேன்.

கோப்புகளை உள்ளே அனுப்புவது அடுத்த சிக்கல். விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006 ஜூலையில் முடிந்துவிட்டது. அதை வலையில் இணைப்பது கதவில்லாத வீட்டில் குடியிருப்பதற்குச் சமம். எனவே வலையே கொடுக்கவில்லை. நாற்பத்தொரு கோப்புகளும் இருந்த தகட்டின் படிமத்தை அதன் தகட்டு ஓட்டியில் மாட்டினேன். மென்பொருளை நிறுவினேன். முதல் கோப்பைத் திறந்தேன்.

திரையில் தமிழ் வந்தது. அக்காலத்து எழுத்துருக்களுக்கே உரிய கொஞ்சம் தடித்த, கொஞ்சம் சதுரமான எழுத்து. முதல் சொல் 'அண்டை வெட்டுதல்'. வரப்பின் பக்கங்களை மண்வெட்டியால் செதுக்கிச் சீராக்குதல் என்று பொருள் எழுதி, சொன்னவர் பெயரையும் ஊரையும் அவர் வயதையும் அடைப்புக்குள் போட்டிருந்தார். அகராதிக்காரர்கள் செய்வதில்லை இதை, கணக்கெழுதியவர் செய்கிறார். ரசீது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மென்பொருளில் 'வெறும் உரையாகச் சேமி' என்று ஒரு வழி இருந்தது. சேமித்து, அந்த மெய்நிகர் வட்டைக் கழற்றிப் பக்கத்துப் போர்ஷனில் இருந்த லினக்ஸ் கணினியில் மாட்டி உரையை எடுத்துக்கொண்டேன். எந்த இருக்கையில் எந்த எழுத்து என்பது இப்போது கண்ணால் பார்த்தாலே தெரிந்ததால், அட்டவணையை நானே எழுதினேன். ஒரு நுணுக்கம்: பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால் வரும், மெய் பின்னால் வரும், கையால் எழுதுவதைப் போல. ஒருங்குறியில் மெய் முன்னால், கொம்பு பின்னால், உச்சரிப்பதைப் போல. இதை இடம் மாற்றாமல் விட்டால் ஒவ்வோர் ஏகாரமும் முந்தைய எழுத்தின் தோளில் தொங்கும். பைத்தான் நிரலொன்று அந்த வேலையைச் செய்தது. மொத்தம் 2,316 சொற்கள்.

அச்சடித்து எடுத்துக்கொண்டு சித்தியிடம் போனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் புரட்டினார். "இந்தச் சொல் எங்கம்மா சொன்னது" என்று ஓரிடத்தில் விரலை வைத்தார். அடைப்புக்குள் அவர் தாயாரின் பெயர் இருந்தது.

இதை எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் சொன்னது தவறாகவோ சரியாகவோ போயிற்று. அடுத்த வாரமே நான்கு பேர் உறைகளோடு வந்தார்கள். ஒருவர் முனைவர் பட்ட ஆய்வேட்டை நெகிழ்வட்டுகளில் வைத்திருந்தார். இன்னொருவர் எழுபது கடந்தவர். ஒரு காலத்தில் சிற்றிதழ் நடத்தியவர். பத்தொன்பது இதழ்களும் பேஜ்மேக்கரில் இருந்தன. இரண்டு இதழ்களுக்கு அச்சுப் பிரதி அவரிடமே இல்லை. அக்காலத் தமிழ்ப் பதிப்புலகம் பெரும்பாலும் பேஜ்மேக்கரில்தான் நடந்தது. அதன் கடைசிப் பெரும்பதிப்பு 2001இல் வந்த 7.0. அதே நிறுவனத்தின் இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை அந்தக் கோப்புகளைத் திறந்தது, பிறகு கைவிட்டுவிட்டது. நம் சிற்றிதழ்கள் பல இப்போது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் திறக்க முடியாத கோப்புகளாக இருக்கின்றன என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

"உன்னுடைய அந்தப் படிமத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடேன், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். இங்கேதான் தயங்கினேன்.

தொழில்நுட்பத்தில் தடை இல்லை. படிமத்தை மெய்நிகர் கணினிகள் படிக்க மட்டுமே செய்யும், எழுதா. ஆகவே கிடங்கில் இருக்கும் ஒரே படிமத்தை நான்கு கணினிகள் ஒரே நேரத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு பஞ்சாங்கத்தை நான்கு குடித்தனக்காரர்கள் பார்ப்பதைப் போல. நண்பர் ஒருவர் தம் வீட்டில் இரண்டாவது பெட்டி வைத்தால், படிமக் கோப்புறையை என்எப்எஸ் வழியாகப் பகிர்ந்து அவருக்கும் காட்டலாம். தடை வேறு. மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர் அது அழிந்துவிடாதிருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஊருக்கு விநியோகிக்க இடம் தரவில்லை. செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள் என்பதால் பொருள் பொதுவாகிவிடாது. 'யார் கேட்கப் போகிறார்கள்' என்றார் ஒருவர். யாரும் கேட்கப் போவதில்லைதான். ஆனால் ரசீதை உறைக்குள் வைத்துவிட்டுப் போனவரின் தகடு அது.

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் இதே சென்னையில் இருந்தது. 2000களில் லினக்ஸ் பயனர் குழுவினர் ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடுவார்கள். புதிய வெளியீட்டின் தகட்டை ஒருவர் கொண்டுவந்தால் பலர் நகலெடுத்துச் செல்வார்கள். மெதுவான இணைப்பில் 700 எம்பியைத் தரவிறக்குவது பலருக்கு நினைத்தும் பார்க்க முடியாதது. உபுண்டுக்காரர்கள் 2005 முதல் 2011 வரை கேட்டவருக்கெல்லாம் தபாலில் தகடு அனுப்பினார்கள். நங்கநல்லூருக்குக் கூப்பிடு தூரத்தில், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இயங்கிய ஏயூ-கேபிசி ஆய்வு மையத்துக்கும், 2007இல் வந்த பாஸ் லினக்ஸைச் செய்த கட்டற்ற மென்பொருள் வள மையத்தில் பங்கு உண்டு. அந்தப் படிமங்களைப் பகிர்வது உரிமை மட்டுமல்ல, அவற்றைச் செய்தவர்களின் விருப்பமும் கூட. அந்தத் தகடுகளை வாங்கி வளர்ந்தவன் என்பதால்தான், எது கொடுக்கத்தக்கது, எது அல்ல என்னும் வேற்றுமையும் எனக்கு உறைக்கிறது.

ஆகவே கிடங்கை இரண்டாகப் பிரித்தேன். பிராக்ஸ்மாக்ஸில் அனுமதி என்பது கிடங்குக்குத்தான், ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக அல்ல. எனவே பொதுவானதையும் தனியானதையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது. முதல் கிடங்கில் டெபியன், பாஸ், ஃப்ரீடாஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மற்றது பூட்டியது. அதில் ஒவ்வொருவரும் கொண்டுவந்த சொந்தத் தகட்டின் படிமம், அவரவர் கணினிக்கு மட்டும். தகடும் ரசீதும் இல்லாமல் வந்தவர்களுக்கு என்னால் உதவ முடியவில்லை. அது எனக்கு உறுத்தல்தான். அந்த ஆய்வேடு இன்னும் திறக்கப்படவில்லை. கெட்டுப்போன நெகிழ்வட்டுகள் ஒரு காரணம். நான் வகுத்த விதி மற்றொரு காரணம். நான் செய்தது சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

சிற்றிதழ்க்காரர் தம் எக்ஸ்பி தகட்டையும் பேஜ்மேக்கர் தகட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, நங்கநல்லூர் ரோடு மெட்ரோவில் இறங்கி ஆட்டோவில் வந்தார். படிமம் எடுத்தோம். அவருக்கென்று ஒரு போர்ஷன் திறந்தோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வந்து, கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பிடிஎப் ஆக்கினார். மேலே விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அச்சுப் பிரதி இல்லாத அந்த இரண்டு இதழ்களில் ஒன்று முழுமையாகக் கிடைத்தது. மற்றதில் எட்டுப் பக்கங்கள் திறக்கவேயில்லை. "எட்டுப் பக்கம்தானே சார்" என்றேன் ஆறுதலாக. "அதிலேதான் என் தலையங்கம்" என்றார்.

பகிர்தல் என்றால் கோப்பை அனுப்புவது என்றே நினைத்திருந்தேன். அனுப்ப முடியாததால் ஆட்கள் வர வேண்டியதாயிற்று. வந்தவர்கள் காபி குடித்தார்கள். சித்தப்பாவின் சொற்களைப் புரட்டினார்கள். அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவற்றுக்கு, தம் ஊரில் வேறு பொருள் உண்டு என்று திருத்தம் சொல்லிவிட்டுப் போனார்கள். அத்திருத்தங்களையும் பெயரோடும் ஊரோடும் அடைப்புக்குள் சேர்த்திருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஓர் உறை இருக்கலாம். எழுதியவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, நிறுவல் தகட்டைப் பழைய குப்பை என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டையும் படிமமாக்குங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். ரசீது இருந்தால் அதையும்.

சித்தப்பாவின் தொகுப்பில் 'கண்டுமுதல்' என்னும் சொல்லுக்கு அவர் எழுதியிருந்த விளக்கம்: 'அறுத்து, அடித்து, தூற்றி, அளந்த பின் கைக்கு வந்து சேரும் நெல். நின்றது, சாய்ந்தது, எலி தின்றது எதுவும் இதில் சேராது.'